ஒரு சுவர்தானே என்கிறார் அண்ணா

கேள்வி:

வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை. போன மாதம் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த இரண்டு மாடிக் கட்டடம் என் கண் முன்னாலேயே இடிந்து விழுந்தது. கீழே இருந்த இரண்டு கடைகளை ஒன்றாக்குவதற்காக நடுச்சுவரை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரம் என்பதால் வேலையாட்கள் வெளியே நின்றார்கள். ஒருவருக்கு மட்டும் கால் முறிந்தது. விழுவதற்கு இரண்டு நாள் முன்பே வெளிச்சுவரில் சரிவாக ஓடிய வெடிப்பை நான் கண்டேன். எனக்கென்ன தெரியும் என்று பேசாமல் வந்துவிட்டேன். இப்போது இரவில் நித்திரை இல்லை. அன்று சத்தம் கேட்டதும் அம்மா ஷெல் விழுந்துவிட்டது என்று கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டார்.

இதற்குள் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா எங்கள் வீட்டைத் திருத்தப் போகிறார். அப்பா 1984இல் கட்டிய சிலாப் வீடு. ஹோலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டு, மேலே ஒரு மாடியும் எழுப்ப வேண்டுமாம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது ஷெல் பட்டு ஒரு மூலை உடைந்திருந்தது, பூசித் திருத்தினோம். "நாப்பது வருசமா வீடு கட்டுறன், ஒரு சுவர்தானே, ஒண்டும் நடக்காது, உள்வேலைக்குச் சபையில கேக்கத் தேவையுமில்லை" என்கிறார் மேசன். அண்ணாவும் அதையே சொல்கிறார். நான் வீண் பயத்தில் தடுக்கிறேனா? சிலாப்பின் மேல் ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி வைக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்:

வணக்கம் ரீச்சர்.

அந்தச் சுவரில் இப்போதைக்கு யாரும் உளி வைக்க விடாதீர்கள். உங்கள் பயம் வீண் பயமில்லை. சுவரை எடுக்கவே முடியாது என்று நான் சொல்லவரவில்லை. எடுக்கலாம், மாடியும் கட்டலாம். அப்படிப் பல வீடுகளில் செய்திருக்கிறோம். ஆனால் அந்தச் சுவர் இப்போது எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது, அதை எடுத்த பிறகு அந்தப் பாரம் எந்த வழியாக நிலத்துக்குப் போகும் என்று ஒருவர் கணக்குப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் மேசன் பேசுகிறார், அண்ணா பேசுகிறார், கணக்குப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஒழுங்கை முகப்பில் விழுந்த கட்டடத்திலும் அப்படி ஒருவர் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.

உங்கள் நித்திரையைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். நான் பொறியியலாளர், வைத்தியர் இல்லை. ஆனால் இடிந்த இடங்களைப் பார்க்கப் போகும்போது, அங்கே நின்று கண்டவர்களோடும் கதைக்க வேண்டிவரும். சத்தம் திரும்பத் திரும்பக் காதில் கேட்பது, சிமெந்துத் தூசு மணத்தாலே நெஞ்சு அடிப்பது, கூரையைப் பார்த்தபடியே படுத்திருப்பது எல்லாம் அவர்களில் பலருக்கு இருந்தது. எங்கள் ஊரில் அது இரட்டிப்பாக வரும். உங்கள் அம்மா கட்டிலுக்குக் கீழே போனதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. சில கிழமைகளில் இது குறையவேண்டும். ஒரு மாதம் கடந்தும் குறையாவிட்டால், அல்லது அம்மா சாப்பாடு நித்திரை இல்லாமல் இருந்தால், யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே போக மனமில்லை என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம்.

வெடிப்பைக் கண்டும் சொல்லவில்லையே என்று உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்கிறீர்கள். அந்த வெடிப்பை உங்களைவிடக் கிட்ட நின்று பார்த்தவர்கள் இருந்தார்கள். சுவரை உடைத்தவர்கள் அதற்குக் கீழேதான் நின்றார்கள். கண்டது என்ன என்று தெரியாத ஒருவர் பேசாமல் போவது இயல்பு. இனிமேல் காண்பது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அதைக் கீழே எழுதுகிறேன்.

இனி உங்கள் வீடு. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்துச் சிலாப் வீடுகள் பெரும்பாலும் தூண் இல்லாத வீடுகள். சிலாப் நேரே சுவரில் இருக்கும், சுவர் அத்திவாரத்தில் இருக்கும். இப்போது கட்டும் மாடி வீடுகளில் கொங்கிறீட் தூணும் பீமும் பாரத்தைத் தாங்க, இடையில் உள்ள கல் வெறும் மறைப்பாக நிற்பதுண்டு. இரண்டையும் பூசி வெள்ளையடித்துவிட்டால் வெளியில் ஒரே மாதிரித்தான் தெரியும். சுவரின் தடிப்பை வைத்துச் சொல்லலாம் என்று சிலர் நினைப்பார்கள். எங்கள் பக்கம் ஆறு அங்குலச் சீமெந்துக்கல் சுவரே சிலாப்பைத் தாங்கி நிற்கிற வீடுகள் ஏராளம். தடிப்பை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. தட்டிப் பார்த்துச் சொல்வதும் அப்படித்தான்.

உங்கள் ஹோலும் சாப்பாட்டு அறையும் எவ்வளவு பெரிது என்று நீங்கள் எழுதவில்லை. ஒவ்வொன்றும் 12 அடிக்கு 20 அடி, நடுவில் 20 அடிச் சுவர், சிலாப் 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கொங்கிறீட்டின் நிறை ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ. அந்தக் கணக்கில் ஓர் அறையின் சிலாப் மட்டும் ஏழு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. மேலே போட்ட சாந்து, அடியில் பூசிய பூச்சு எல்லாம் சேர்த்தால் ஒன்பது தொன். நடுச்சுவர் இடப்பக்க அறையில் பாதியையும் வலப்பக்க அறையில் பாதியையும் தாங்குகிறது. ஆகவே ஓர் அறையின் முழுப் பாரமும் அதன் தலையில்தான். மேலே மாடி எழுப்பினால் அங்கே புழங்கும் ஆட்கள், சாமான், மேல்மாடிச் சுவர், அதற்கு மேலே இன்னொரு சிலாப் எல்லாம் வந்து சேரும். அப்போது 27 தொன் வரை வரும். இவ்வளவையும் தாங்க வேண்டிய சுவரைத்தான் அண்ணா எடுக்கச் சொல்கிறார். எடுப்பதும் மேலே கட்டுவதும் ஒரே திட்டத்தில் இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

சரி, சுவரை எடுத்தால் சிலாப் உடனே விழுமா? பல வேளைகளில் உடனே விழாது. அதுதான் மேசன்மாருக்குத் தைரியம் கொடுக்கிறது. இரண்டு வாங்குகளுக்கு மேல் ஒரு நீளப் பலகையை வைத்து, நடுவில் இன்னொரு வாங்கும் வைத்திருக்கிறீர்கள் என்று நினையுங்கள். நடு வாங்கை இழுத்தால் பலகை தொய்யும், ஆனால் நிற்கும். சிலாப்புக்கும் அப்படியொரு தொய்வு வருகிறது. 12 அடி இடைவெளி 24 அடியானால் வளைவிக்கும் விசை இரண்டு மடங்காகாது, நாலு மடங்காகும். தொய்வு பதினாறு மடங்கு வரை போகும்.

பலகைக்கு இல்லாத இன்னொரு சிக்கல் கொங்கிறீட்டுக்கு உண்டு. கொங்கிறீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவை வரும் பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும். நடுச்சுவருக்கு மேலே சிலாப்பின் மேற்பக்கம்தான் இழுபடும். அதனால் ஒழுங்காகக் கட்டிய சிலாப்பில் அந்த இடத்தில் கம்பியை வளைத்து மேலே கொண்டுபோயிருப்பார்கள். சுவரை எடுத்ததும் அதே இடத்தில் கீழ்ப்பக்கம் இழுபடத் தொடங்கும். அங்கே கீழே கம்பி போதாது, சில வேளை இல்லவே இல்லை. மேலே கம்பி சும்மா கிடக்க, கீழே வெறும் கொங்கிறீட் வெடிக்கும். ஒரு மழைக்காலம், ஒரு கலியாண வீட்டுக் கூட்டம், மேலே இறக்கி வைத்த சீமெந்துப் பைகள் என்று ஏதாவது ஒன்று மிச்சத்தை முடித்துவைக்கும்.

"பீம் ஒன்று போட்டுவிட்டால் சரிதானே" என்று அண்ணா கேட்பார். பீம் போடத்தான் வேண்டும். ஆனால் 20 அடி நீளத்துக்குப் பரவி இறங்கிய பாரம், பீம் போட்டதும் இரண்டு முனைகளில் குவியும். 27 தொன் என்றால் ஒரு முனைக்குப் பதின்மூன்றரைத் தொன். அதை ஆறு அங்குலக் கல்லின் மேல் ஏற்றிவிட்டால் கல் நொறுங்கும். ஆகவே இரண்டு முனையிலும் தூண், தூணுக்குக் கீழே தனி அத்திவாரம். அதற்கு நிலத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் "கீழே கல்லு, பயமில்லை" என்பது எல்லாருக்கும் பழகிப்போன பேச்சு. எங்கள் சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் கரைத்த பொந்துகள் உண்டு. நிலாவரைக் கிணற்றைப் பார்த்த ஒருவருக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பட்டணத்துக்குள் குளங்களையும் பள்ளங்களையும் நிரவி எடுத்த காணிகளும் இருக்கின்றன. போதாததற்கு மலக்குழியை அத்திவாரத்தோடு ஒட்டித் தோண்டுகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. தூண் வரும் இடத்தில் குழி வெட்டிக் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வேலை நடக்கும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. சுவரை எடுக்குமுன் சிலாப்பின் இரு பக்கமும் இரும்பு முட்டுக் கொடுத்து, அந்த முட்டுகள் உறுதியான தரையில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மண் நிரப்பி மாபிள் ஒட்டிய தரையில் முட்டுகளை நிறுத்தினால், பாரம் ஏறும்போது அவை கீழே இறங்கும். புதிய பீமின் கொங்கிறீட்டுக்கு 28 நாள் வலுவைத்தான் நாங்கள் கணக்கில் எடுக்கிறோம். ஆனால் பத்தாம் நாள் "காய்ந்துவிட்டது" என்று முட்டுகளைக் கழற்றுவார்கள். வாடகைக்கு எடுத்த முட்டுக்கு நாட்கூலி ஏறுகிறதே! உங்கள் ஒழுங்கைக் கட்டடத்தில் எது பிழையாய்ப் போனது என்று நேரில் பார்க்காமல் நான் சொல்லமாட்டேன். ஆனால் நடுச்சுவர் உடைக்கும்போது மேல்மாடியோடு விழுந்தது என்று கேட்டதும் நான் முதலில் தேடுவது, முட்டுகள் எங்கே நின்றன என்பதைத்தான்.

உங்கள் வீட்டுக்கென்று இரண்டு விசேட காரணங்கள் உண்டு. ஒன்று, ஷெல் பட்ட மூலை. பூச்சு காயத்தை மறைக்கும், உடைந்த கல்லைச் சேர்க்காது. அடி விழுந்த இடத்துக்கு அப்பால் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில்கூடச் சிலாப்புக்கும் சுவருக்கும் இடையில் பிடிப்பு விட்டிருக்கலாம். அந்தப் பூச்சைச் சுரண்டி உள்ளே பார்க்க வேண்டும். மற்றது கம்பியின் வயது. 1984 வீட்டுக்குப் போட்ட மணல் எங்கிருந்து வந்தது என்று அப்பாவைக் கேளுங்கள், அல்லது அந்தக் காலத்து ஆட்கள் யாரையாவது கேளுங்கள். கழுவாத கடற்கரை மணல் என்றால் அதிலுள்ள உப்பு இத்தனை வருடமாகக் கம்பியைத் தின்றுகொண்டிருக்கும். துருப்பிடித்த இரும்பு பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கொங்கிறீட்டை உள்ளிருந்தே வெடிக்கவைக்கும். சிலாப்பின் அடியில் மண்ணிறக் கறை, கம்பி ஓடும் வழியே நேர்கோட்டு வெடிப்பு, தட்டினால் கோறையான சத்தம், துண்டு துண்டாகப் பெயர்ந்து விழுதல் எல்லாம் அதன் அறிகுறிகள். 1990களில் சீமெந்துத் தடை இருந்த காலத்தில் திருத்திய வேலைகளையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கிடைத்த சீமெந்தை இழுத்து நீட்டித்தான் அப்போது வேலை செய்தோம். கொங்கிறீட்டுக்கு அந்த நியாயம் புரியாது.

வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டுத் திரும்பிப் போனவர்களுக்கும் இதில் ஒரு வார்த்தை. கூரை இல்லாமல் இருபது, இருபத்தைந்து வருடம் மழை குடித்த சுவர், ஆலும் அரசும் வேர் விட்ட சுவர், வெளியில் நேராக நின்றாலும் உள்ளே சுண்ணாம்புச் சாந்து கழுவுண்டு போயிருக்கும். மரத்தை வெட்டிப் பூசிவிட்டு அதன் மேல் சிலாப் போடுகிறார்கள். அதைவிடச் சுவரை இறக்கிப் புதிதாகக் கட்டுவது மலிவு என்று நான் சொன்னால், "அப்பு கட்டின சுவர்" என்பார்கள். அந்த உணர்வு எனக்கும் விளங்கும். அப்படியானால் அப்புவின் சுவரைச் சுவராகவே விடுங்கள், பாரத்தை வேறு தூணில் ஏற்றுங்கள் என்பேன்.

இனி "உள்வேலைக்கு அனுமதி தேவையில்லை" என்ற பேச்சு. இது பிழை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் புதிய கட்டடத்துக்கு மட்டுமல்ல, இருக்கும் கட்டடத்தை மாற்றுவதற்கும் அனுமதி கேட்கிறது. கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் உள்மாற்றமும் அதற்குள் வரும். மேல்மாடியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டுச் சட்டமும், பிரகடனப்படுத்திய பகுதிகளில் அனுமதியில்லாமல் செய்யும் வேலையை நிறுத்தவும், நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையோடு இடிக்கவும் இடம் கொடுக்கிறது. மாநகர எல்லைக்குள் என்றால் யாழ்ப்பாண மாநகர சபை. கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் என்றால் நல்லூர்ப் பிரதேச சபை. உங்கள் வீடு எதற்குள் வருகிறதோ அங்கே வரைபடத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். வேலை முடிந்ததும், அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழை எடுக்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, வங்கிக் கடனுக்கோ காணி விற்கவோ போகும்போது சபைக்கு ஓடுவார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சபையின் முத்திரை விழுந்துவிட்டால் வீடு விழாது என்று யாரும் நினைக்க வேண்டாம். சிறிய வீடுகளுக்குச் சபையில் பெரிதும் பார்ப்பது தெருக்கோடு, எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி, காற்றோட்டம், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம் போன்றவைதான். கம்பிக் கணக்கை ஒவ்வொரு வீட்டுக்கும் உட்கார்ந்து சரிபார்க்க அங்கே ஆள் இல்லை. படவரைஞர் கீறித் தரும் அழகான வரைபடமும் அந்தக் கணக்காகாது. அனுமதி எடுங்கள், அதோடு சேர்த்து, கட்டமைப்பு வேலை தெரிந்த ஒரு பட்டயப் பொறியியலாளரின் கணக்கையும் எடுங்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தில் அவருடைய அங்கத்துவத்தைக் கேட்டு உறுதிப்படுத்தலாம். 2017ஆம் ஆண்டின் பொறியியற் பேரவைச் சட்டத்துக்குப் பிறகு பதிவு கட்டாயமாகிவிட்டது. பதிவு இலக்கத்தைக் கேட்பது அவமரியாதையாகாது.

வருகிறவர் வட்ஸ்அப் படத்தைப் பார்த்துப் பதில் சொன்னால் அவரை விட்டுவிட்டு வேறொருவரைத் தேடுங்கள். அவர் வீட்டுக்கு வரவேண்டும், சிலாப்பின் மேலே ஏறிப் பார்க்கவேண்டும், நடுச்சுவரின் மேல் விளிம்பில் கொஞ்சம் பூச்சு எடுத்துச் சிலாப் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவி இருக்கிறது. கொங்கிறீட் மேற்பரப்பின் வலுவை ஓரளவு சொல்லும் சுத்தியல் இருக்கிறது. சந்தேகமிருந்தால் சிறு உருளைத் துண்டு வெட்டி எடுத்து ஆய்வுகூடத்தில் அமுக்கிப் பார்க்கலாம். இன்னொரு சோதனையை உங்கள் பாடசாலை இரசாயன ஆய்வுகூடத்திலேயே விளங்கப்படுத்தலாம்: புதிதாக உடைத்த கொங்கிறீட் முகத்தில் பினோப்தலீன் தெளித்தால், காரத்தன்மை இருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும். கம்பி இருக்கும் ஆழம் வரை நிறம் மாறாமல் கிடந்தால், கம்பியைத் துருவிலிருந்து காத்த கவசம் போய்விட்டது.

மேசனைப் பற்றியும் நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். நாற்பது வருட மேசன் நல்ல தொழிலாளியாகத்தான் இருப்பார். கல் எடுப்பதிலும் மட்டம் பிடிப்பதிலும் அவரிடம் நான் கற்கலாம். அவர் கட்டிய வீடுகள் விழவில்லை என்பதும் உண்மையாக இருக்கும். ஆனால் அவர் கட்டியவை எல்லாம் சுவர் இருந்த வீடுகள். சுவரை எடுத்த வீடுகள் எத்தனை, அவை இப்போது எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். "அண்ணை, எஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லட்டும், வேலை உங்களுக்குத்தான்" என்று சொல்லுங்கள். வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்தான் பல மேசன்மாரை "ஒண்டும் நடக்காது" என்று பேசவைக்கிறது.

அண்ணாவுக்கு வேறு விதமாகச் சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்களுக்கு இங்கே நடக்கும் வேலை திரையில் தெரியும் அளவுக்குத்தான் தெரியும். அவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ரொறன்ரோவில் அவர் இருக்கும் வீட்டில் நடுச்சுவரை நகரசபை அனுமதியில்லாமல், பொறியியலாளர் இல்லாமல் எடுப்பாரா? அங்கே செய்யாததை அம்மா படுத்திருக்கும் வீட்டில் ஏன் செய்யவேண்டும்? அதோடு சியோல் நகரின் சம்பூங் பல்பொருள் அங்காடியின் கதையையும் அனுப்பிவிடுங்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே திட்டத்தை மாற்றி, ஐந்தாம் மாடியைச் சேர்த்தார்கள். மின்படிகளுக்கு இடம் வேண்டும் என்று தூண்களை வெட்டினார்கள். மாட்டோம் என்று சொன்ன ஒப்பந்த நிறுவனத்தை விலக்கிவிட்டு, ஆமாம் போட்டவர்களை வைத்து முடித்தார்கள். கூரையில் இருந்த பாரமான குளிரூட்டிகளைப் பாரந்தூக்கியால் தூக்காமல் கூரை மேலேயே உருட்டி இடம் மாற்றினார்கள். பல வருடம் ஒன்றும் நடக்கவில்லை. 1995 யூன் 29 அன்று காலையில் ஐந்தாம் மாடியில் பெரிய வெடிப்புகள் கண்டும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள். மாலையில் அது விழுந்து 502 பேர் இறந்தார்கள்.

டாக்காவுக்கு அருகே ரானா பிளாசாவில், 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களில் வெடிப்புக் கண்டதும் கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடின. மேலே இருந்த தையல் தொழிற்சாலைகளின் தொழிலாளரை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு ஏற்றினார்கள். கட்டடம் விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். அங்கும் அனுமதிக்கு மேல் கட்டிய மாடிகள் இருந்தன, மேல்மாடிகளில் பெரிய மின்பிறப்பாக்கிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. இங்கே கொழும்பில், 2017 மே மாதம் வெள்ளவத்தையில் சவோய் திரையரங்குப் பக்கம் மாடிக் கட்டடம் ஒன்று விழுந்தது பலருக்கு நினைவிருக்கும்.

எங்கள் ஊரில் சுவரை உடைப்பதற்கு அடுத்ததாக நான் பயப்படுவது, கட்டடத்தின் பாவனையை மாற்றுவது. வீட்டுக்கென்று போட்ட மாடிக்கு ஒரு சதுர மீற்றருக்கு 150 கிலோ பாவனைப் பாரம், அதாவது ஆட்களும் சாமானும் ஏற்றும் பாரம், கணக்கிடுவோம். வகுப்பறைக்கு 300, கடைக்கு 400, ஆட்கள் கூடும் மண்டபத்துக்கு 500. வீட்டு மேல்மாடியில் ரியூசன் தொடங்கினால், சிலாப்பில் ஒரு கல்லைக்கூடத் தொடாமலேயே பாவனைப் பாரம் இரண்டு மடங்காகிவிடுகிறது. அரிசி மூட்டை, மாபிள் பெட்டி, கடதாசிக் கட்டு அடுக்கினால் அதற்கும் மேலே போகும். உங்கள் மாணவர்கள் பின்னேரம் எங்கெங்கே படிக்கப் போகிறார்கள் என்று ஒரு தரம் கவனித்துப் பாருங்கள்.

வெடிப்பைப் பற்றிச் சொல்வதாக எழுதினேன். பூச்சில் தலைமயிர் போல ஓடும் வெடிப்புகள், தூணும் கல்லும் சேரும் இடத்தில் நேரே மேலும் கீழும் ஓடும் மெல்லிய கோடு, இவற்றுக்குப் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. யன்னல் மூலையிலிருந்தோ சுவரின் குறுக்கேயோ படிக்கட்டுப் போலச் சரிந்து ஓடி, ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் அகன்ற வெடிப்பு என்றால் ஆளைக் கூப்பிடவேண்டும். அகலத்தைவிட முக்கியம் அது வளர்கிறதா என்பது. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள்; குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டிவிட்டால், அசைவு இருந்தால் கண்ணாடி உடையும். நேற்று மூடிய கதவு இன்று இறுகுவது, தரை மாபிள் தானாகக் கிளம்பி நிற்பது, சுவர் வயிறு தள்ளுவது, தூணில் நெடுக்காக வெடித்துச் செதில் உதிர்வது, மேலிருந்து மணல் போலச் சொரிவது, இரவில் வெடிச்சத்தம் கேட்பது என்று வந்துவிட்டால் அளந்துகொண்டிருக்க நேரமில்லை. எல்லாரும் வெளியே. கட்டடத்தின் உயரமளவு தூரத்துக்காவது தள்ளி நிற்கவேண்டும். நகையும் காணி உறுதியும் எடுக்க ஒருவரும் திரும்பி உள்ளே போகக்கூடாது. பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, காயம் பட்டிருந்தால் அம்புலன்சுக்கு 1990.

மற்றவரின் கட்டடத்தில் கண்டால் எப்படிச் சொல்வது? அயலில் சொந்தக்காரரும் சம்பந்தியும் பழைய எல்லை வழக்கும் கலந்திருக்கும் ஊரில் இது இலேசான காரியமில்லை. முதலில் உரிமையாளரிடம் நேரில் சொல்லுங்கள். "உங்கட வீடு பிழை" என்று தொடங்காமல், "இந்த வெடிப்பு போன கிழமை இவ்வளவு இல்லை, ஒருக்கால் பாருங்கோ" என்றால் அவரும் கேட்பார். அசையாவிட்டால் திகதி போட்ட படத்தோடு சபைக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள்; அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிராம அலுவலருக்கும் ஒரு பிரதி. வாய்ப்பேச்சாகப் போகும் முறைப்பாடு கோப்பில் ஏறாது. உங்கள் ஒழுங்கையில் இடிந்ததன் மிச்சம் இன்னும் நிற்கிறது என்றால் இதை நாளைக்கே செய்யுங்கள். பாதி விழுந்த கட்டடத்தில் கல்லும் கம்பியும் பொறுக்கப் பிள்ளைகள் போவார்கள். அதன் மிச்சமும் எந்த நேரமும் விழலாம்.

கடைசியாகத் தண்ணீர்த் தாங்கி. ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஒரு தொன். அதைச் சிலாப்பின் நடுவில் வைக்க வேண்டாம். இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலைக்கு மேலே, ஒரு சிறு மேடை கட்டிப் பாரத்தைச் சுவருக்கே இறக்கும்படி வைக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் ஷெல் பட்ட மூலை எது என்று பார்க்காமல் அந்த மூலையில் ஏற்றிவிடாதீர்கள். வளவில் இடமிருந்தால் கிணற்றடிப் பக்கமாகத் தனித் தூண் எழுப்பி அதில் வைப்பதே நல்லது. செலவு கொஞ்சம் கூடத்தான் வரும். சிலாப் ஒழுகாது, தாங்கியைக் கழுவ ஏறுகிறவரும் உங்கள் கூரையில் நடக்கமாட்டார்.